சித்தியோட லைவத் தின்னது யாரு?

எலியாமுங்க்கா! கேட்டீங்களா கதைய? எலி வயரக் கடிச்சிருச்சாமா! போன தடவ கேட்டப்பவும் எலி. அதுக்கு முந்தி கேட்டப்பவும் எலி. ஏனுங்க, ஊரு பூராப் பட்டும் பருத்தியுமாக் கொட்டிக் கெடக்குது எளம்பிள்ளையில. அதையெல்லாம் உட்டுப்போட்டு நெட்டு வயரக் கடிக்கோணும்னு அந்த எலிக்கு என்னங்க தலையெழுத்து? நான் எலியாப் பொறந்திருந்தா வயரத் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன்.

அய்யோ, உங்களச் சொல்லலீங்க்கா. போன்ல பேசிட்டிருந்தனே, அதச் சொல்றேன். பஸ்ஸுன்னு கூடப் பாக்காமச் சத்தமாப் பேசிட்டனா? மன்னிச்சுக்கங்க. ஆனா காதுல பாதி உழுந்திருச்சுல்ல? பாதிக் கதையோட ஒருத்தர அம்போன்னு உடறது நெம்பத் தப்பு. முழுசாக் கேட்டுருங்க. சேலத்துக்குத்தானே டிக்கெட் எடுத்தீங்க? நானும் சேலந்தான், அங்க எறங்கி எளம்பிள்ளை பஸ் மாறோணும். நெறைய நேரமிருக்குது. அந்தப் பைய இப்படி என்ற கால்கிட்ட வைங்க... பரவால்லீங்க, வைங்க.

எம் பேரு தனப்பிரியா. இங்க திருச்செங்கோட்டுலதான் எஞ்சினியரிங் கடைசி வருசம். நெட்வொர்க்குதான் என்ற பாடம். அப்பறம் பட்டிமன்றம் பேசுவேன். அது பாடமில்லீங்க, பழக்கம். எங்க காலேஜ்ல எனக்கு எதிரணியில பேசறதுக்கு ஆள் புடிக்கறதுதான் கஷ்டம்னு எங்க மேடமே சொல்லியிருக்காங்க. பாராட்டித்தாஞ் சொன்னாங்க. அப்படித்தான் நான் எடுத்துக்கிட்டேன்.

எலின்னு சொல்ற ஆளு யாருன்னு கேக்கறீங்களா? கேக்கலியா? செரி, சொல்றேன். அந்தாளு பேரு குழந்தைவேலு. எளம்பிள்ளையில ஊட்டுக்கு ஊடு நெட்டு லைன் குடுக்கறவரு. எங்க சித்தி கடைக்கும் அவரு லைன்தான். திருச்செங்கோட்டுல சித்தியோட குடோன் இருக்குது, சேலைய மடிச்சுப் பொட்டலம் கட்டி அனுப்பற எடம், அதுக்கும் அவரு லைன்தான். ரெண்டு ஊர்லயும் கைய வெச்சிருக்காருன்னா பாத்துக்கங்களேன்!

சித்தின்னா எங்கம்மாவோட தங்கச்சி. உஷாராணி. பாத்திருப்பீங்க நீங்க! டெய்லி சாயந்திரம் நாலு மணிக்கு லைவ் வரும். கையில சேலைய விரிச்சுப் புடிச்சுக்கிட்டு, "வாங்க என் சாமிகளா, இன்னிக்கு என்ன கொண்டாந்திருக்கேன்னு பாருங்க"ன்னு ஆரம்பிக்குமே... அட, பாப்பீங்களா? பாத்தீங்களா, எனக்குத் தெரியும்! எளம்பிள்ளைச் சேலையில ஆசையில்லாத பொம்பளை உண்டா? கடைக்கு நேர்ல வர்ற கூட்டத்த விட அந்த லைவ்ல வாங்கற கூட்டந்தான் சித்திக்கு எல்லாமே. அந்த லைவ்தானுங்க்கா நின்னு நின்னு போகுது!

எப்படி நிக்குதுங்கறீங்க? சித்தி வாயத் தொறந்து, கைய மேல தூக்கி, கண்ண உருட்டி, முந்தியத் தோள்ல போட்டுக் காட்டற நேரமாப் பாத்து அப்படியே செலையாட்ட நின்னுரும். ஆடி மாசம் வேற. கீழ கமெண்ட்ல ஜனங்க என்ன எழுதறாங்கன்னா, "அக்காவுக்கு அம்மன் வந்துட்டாங்க போல, வேப்பலை குடுங்க"ங்கறாங்க. இன்னொருத்தரு எலுமிச்சம்பழம் படம் போடறாரு. சிரிக்காதீங்க்கா! சித்தி அழுவுது. படம் நிக்கறது பச்சைச் சேலையில, அங்க நெசத்துல சித்தி காட்டிட்டிருக்கறது மெரூன் சேலை. பச்சைன்னு நெனச்சு ஆர்டர் போட்டவங்களுக்கு மெரூன் போயிருது. "ஏனுங்க, கலர் கூடத் தெரியாதவங்ககிட்டயா சேலை வாங்கறது?"ன்னு திட்டிட்டுத் திருப்பி அனுப்பறாங்க.

இதுல எனக்கென்ன வந்துச்சுன்னு நீங்க கேக்கலாம். கேக்கோணும். எனக்கு பெங்களூருல வேலை கெடைச்சிருக்குதுங்க்கா. காலேஜ்லயே வந்து தேர்ந்தெடுத்தாங்க, நெட்வொர்க் வேலை. எங்கப்பா அனுப்ப மாட்டேங்கறாரு. அவரு என்ன தொழில் பண்றாரு தெரியுமா? போர் ரிக்கு வண்டி, ஆழ்குழாய்க் கெணறு போடறது! அவரு வண்டி ஆந்திராவுல ஓட்டை போடுது, மத்தியப் பிரதேசத்துல ஓட்டை போடுது, ராஜஸ்தான் பாலைவனத்துல போயி ஓட்டை போடுது. பொண்ணு மட்டும் பெங்களூரு போகக்கூடாதாம், தூரமாம்! "அப்பா, உங்க லாரிக்கு இருக்கற சுதந்திரம் எனக்கில்லியா?"ன்னு கேட்டேன். "லாரிக்கு ரெண்டு டிரைவரு இருக்கறான் சாமி"ன்னு சொல்லிட்டுச் சோத்தப் பெசைய ஆரம்பிச்சுட்டாரு. இதுக்கு என்னத்த எதிர்வாதம் பண்றது, சொல்லுங்க?

எங்கப்பா இந்த உலகத்துல ஒரே ஒருத்தர் பேச்சத்தான் கேப்பாரு. கொழுந்தியா பேச்ச. சித்தி ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சித்திகிட்டப் போயி நின்னேன். அது என்ன சொல்லுச்சுன்னா, "படிச்ச புள்ளைதானே நீயி? என்ற லைவ நிக்காம ஓட வெய்யி. ஆடிப் பெருக்கு சேல்ஸ் நல்லபடியா முடியட்டும். முடிஞ்ச அன்னிக்கே உங்கப்பாகிட்டப் பேசி உன்ன பஸ் ஏத்தி உடறது என் பொறுப்பு"ன்னு சொல்லுச்சு. ஆச்சா? ஆடிப் பெருக்கு லைவ் இன்னிக்குத்தான். இன்னும் செத்த நேரத்துல. இன்னிக்கு நின்னுச்சுன்னா சித்தி கதையும் முடிஞ்சுது, என்ற பெங்களூரும் முடிஞ்சுது.

மொதல்ல இவ்வளவு மோசமா இல்லீங்க்கா. அப்பப்ப ஒரு ரவுண்டு வட்டமாச் சுத்தும், பொறவு ஓடிரும். நான் கைய வெச்ச பொறவு... அதாவது, நான் ஆராய ஆரம்பிச்ச பொறவுதான் திருடன் உஷாராயிட்டான். ஆமாங்க, திருடன்தான்! யாரோ சித்தியோட நெட்டத் திங்கறாங்க. அது யாருன்னு கண்டுபுடிக்கத்தான் நான் மிரர் போட்டேன்.

மொகம் பாக்கற கண்ணாடி இல்லீங்க்கா. இது நெட்டுல போடற மிரர். சுலபந்தான், சொல்றேன் கேளுங்க. சித்தி கடையில ஒரு ஸ்விட்ச் டப்பா இருக்குது. கரண்ட் ஸ்விட்ச்சு இல்ல, நெட்டு வயரெல்லாம் வந்து சொருகற டப்பா. சீனியர் ஒருத்தரு மூலமா, பெங்களூருல ஏதோ கம்பெனி கழிச்சுப்போட்டத வாங்கிக் குடுத்தேன். பழசுதான், ஆனா யானையாட்ட வேலை செய்யும். அந்த டப்பாகிட்ட, "உன் வழியா எது போனாலும் வந்தாலும், அத நிறுத்தாத, தொடாத, ஒரு ஜெராக்ஸ் மட்டும் எடுத்து எனக்குக் குடு"ன்னு சொல்லி வெச்சா, அதுதான் மிரர். ஜெராக்ஸப் புரட்டிப் பாத்தா யாரு எவ்வளவு நெட்டத் திங்கறாங்கன்னு தெரிஞ்சுரும்.

அந்த ஜெராக்ஸப் பாக்கற கம்ப்யூட்டரு கடையிலயே இருந்தா ஒண்ணும் பிரச்சனையில்ல, ஒரு வயரச் சொருகுனா முடிஞ்சுது. ஆனா நான் இருக்கறது திருச்செங்கோடு. டெய்லி எளம்பிள்ளைக்குப் போக முடியுமா? காலேஜ் முடிஞ்சு குடோனுக்குத்தான் போக முடியும். எளம்பிள்ளைக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவுல ரூட்டருங்க இருக்குது. ரூட்டருங்கறது தபால் பிரிக்கற ஆளு மாதிரி. கவர் மேல இருக்கற அட்ரஸ மட்டுந்தான் பாக்கும், உள்ள என்ன இருக்குதுன்னு பாக்காது. ஜெராக்ஸ அப்படியே அனுப்புனா என்னாகும்? அதுல பழைய அட்ரஸ்தானே இருக்கும்? பழைய எடத்துக்கே போயிரும். அதனால ஜெராக்ஸ முழுசா இன்னொரு கவருக்குள்ள போட்டு, மேல அனுப்புநர் எளம்பிள்ளைக் கடை, பெறுநர் திருச்செங்கோட்டு குடோன்னு எழுதி உடோணும். அப்பறம் நடுவுல எத்தன ரூட்டர் இருந்தாலும் கவலையில்ல. குடோன்ல கவரப் பிரிச்சா உள்ள ஜெராக்ஸ். எப்படி?

கேக்க சுலபமா இருக்குதுல்ல? நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்! கவருக்கு இங்க ஒரு அடையாள நம்பர் குடுத்தா அங்கயும் அதே நம்பர் குடுக்கோணும், இல்லீன்னா குடோன் கம்ப்யூட்டரு கவரத் தொடவே தொடாது. நான் இங்க ஒண்ணு அங்க ஒண்ணாக் குடுத்துப்போட்டு, கவரே வரலைன்னு பேயாட்ட உக்காந்திருந்தேன். அது முடிஞ்சா, கவர் போட்டதுனால பொட்டலம் பெருசாயிருச்சு. நடுவுல ஒரு ரூட்டரு, "இவ்வளவு பெருசு ஏத்த மாட்டேன்"னு கீழ தள்ளி உட்டுருச்சு. நம்ம கண்டக்டரு உங்க பையப் பாத்து மொறைச்சாருல்ல, அதே மாதிரி. அதையும் சரி பண்ணுனேன். ஒருத்தரும் சொல்லித் தரலை. நானே படிச்சு, நானே சண்டை போட்டு, நானே பண்ணுனேன்!

ஆனா அதெல்லாம் ஒண்ணுமேயில்லீங்க்கா. பெரிய சண்டை எதுல வந்துச்சு தெரியுமா? எந்தெந்த வயரப் பாக்கறதுங்கறதுல!

கடைக்கு மேல மாடி ஊடு. அங்க சித்தியோட ஓரகத்தி இருக்காங்க. சென்னியம்மாள் பெரியம்மா. ஒரே டப்பாவுல இருந்துதான் அவங்க ஊட்டுக்கும் வயரு போகுது. நான் மொதல்ல மாடி வயர மட்டும் பாக்கலாம்னு நெனச்சேன். ஏன்னா பெரியம்மா ஊட்டு டிவியில சீரியலு காலையில ஆரம்பிச்சா நிக்கவே நிக்காது. பெரியம்மாவுக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. படியில நின்னுக்கிட்டு, "ஏஞ்சாமி, எங்கூட்டு வயருக்கு மட்டும் போலீஸ் போடறியாமா? நாங்க திருடங்களா? உன்ற சித்தி மகன் ராத்திரி பகலா கேம் ஆடறானே, அவன் வயருக்குக் கண்ணில்லியா?"ன்னு கேட்டாங்க. உடனே சித்தி, "என்ற பையன இழுக்கறியா?"ன்னு ஆரம்பிச்சுது. பொறவு ரெண்டு பேரும் எப்பவோ நடந்த ஒரு காதுகுத்துல யாரு யாருக்கு மொதல்ல பந்தி போட்டாங்கன்னு போயிட்டாங்க. நான் நடுவுல டப்பாவோட நிக்கறேன்!

அப்பத்தான் நான் ஒரு தீர்ப்பு சொன்னேன். "யாருக்கும் பாரபட்சம் வேண்டாம். பத்திரிகை வெக்கறப்ப பங்காளி ஒருத்தர உட்டாலும் வருத்தந்தானே? அதே மாதிரிதான். டப்பாவுல வயரு சொருகற ஓட்டை மொத்தம் இருபத்திநாலு. ஒண்ணுல இருந்து இருபத்திநாலு வரைக்கும் அத்தனையும் பாக்கறேன். போறதையும் பாக்கறேன், வாரதையும் பாக்கறேன். ஒருத்தரும் மேலில்ல, ஒருத்தரும் கீழில்ல"ன்னு சொன்னேன். பெரியம்மா கையெடுத்துக் கும்புட்டாங்க. சித்தி காப்பி போட்டுக் குடுத்துச்சு. சொல்லுங்க்கா, கோர்ட்டுல கூட இப்படி ஒரு தீர்ப்பு வருமா?

செரி, மிரர் ஆச்சு. அத எப்பவும் ஓட உட மாட்டேன். லைவ் ஆரம்பிக்கறப்ப ஆன் பண்ணுவேன், லைவ் முடிஞ்சதும் ஆஃப் பண்ணிருவேன். திருட்டு நடக்கற நேரத்துலதானே திருடனப் பாக்கோணும்? குடோன்ல உக்காந்து கவரப் பிரிச்சுப் பாத்தா... அக்கா, எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. கவருக்குள்ள இன்னொரு கவரு. அதுக்குள்ள இன்னொரு கவரு. அதையும் பிரிச்சா அதுக்குள்ளயும் ஒண்ணு! யாரோ ஒருத்தன் நெட்ட மூட்டை மூட்டையாக் கட்டி, மூட்டைக்குள்ள மூட்டையா மறைச்சுக் கடத்தறான்! எல்லாத்துலயும் பெறுநர் யாரு? ஒரே அட்ரஸு. அது யாரு பேர்ல பதிவாயிருக்குதுன்னு தேடுனேன். வந்துச்சு பாருங்க பேரு... குழந்தைவேலு கம்பெனி! ஊரு? திருச்செங்கோடு! அந்தாளுக்கு மச்சான் ஊடு எங்க இருக்குதுங்கறீங்க? திருச்செங்கோட்டுல! இதுக்கு மேல என்ன ருசு வேணும்?

கடையில எல்லாரையும் கூட்டி வெச்சு, அந்தாளு மொகத்துக்கு நேராக் கேட்டேன். "ஏனுங்க, எங்க சித்தி நெட்ட உங்க மச்சான் ஊட்டுக்குக் கடத்தறீங்களா?"ன்னு. அந்தாளு முழிக்கறாரு. "மச்சான் ஊட்டுல கம்ப்யூட்டரே இல்லீங்கம்மணி"ங்கறாரு. அப்ப எங்க போகுதுன்னு கேட்டா, மேல கீழ பாத்துட்டு, "எலியா இருக்குங்க"ங்கறாரு! எலி நெட்டத் திருச்செங்கோட்டுக்கு அனுப்புதாமா! அந்தாளுக்கும் ஒண்ணும் தெரியலீங்க்கா, சும்மா வாய்க்கு வந்தது எலி.

சித்தி முடிவா சொல்லிருச்சு. "இன்னிக்கு நாலு மணி லைவுக்கு நீங்க கடையில வந்து உக்காருங்க. நின்னுச்சுன்னா, அந்த நிமிசமே நீங்க மாட்டுன லைன் டப்பாவக் கழட்டிக்கிட்டுக் கெளம்பிருங்க, இந்த ரோட்டுல இருக்கற எங்க ஒறம்பரை அத்தன கடையிலயும் உங்க லைன எடுத்துருவோம்"ன்னு. அந்த ரோட்டுல முக்காவாசிக் கடை எங்க ஒறம்பரை, சொந்தக்காரங்கதான். பாவந்தான். ஆனா திருடுனா? இப்ப போன்ல பேசுனது சித்தி பையன் கதிரு. அந்தாளு கடையில வந்து உக்காந்திருக்காராம். கையில ஸ்க்ரூ டிரைவரு. எலிப்பொறியும் கொண்டாந்திருக்காராமுங்க்கா!

அடடே, ஆரம்பிச்சுட்டாங்க! அக்கா, உங்க போன்ல கொஞ்சம் அந்த லைவப் போடுங்களேன். என்ற போன்ல நான் மிரர ஆன் பண்ணோணும். இங்கிருந்தே குடோன் கம்ப்யூட்டருக்குப் போயி, அங்கிருந்து கடை டப்பாவுக்குப் போற மாதிரி செஞ்சு வெச்சிருக்கேன். ஒரு தட்டுத் தட்டுனா ஆன், ஒரு தட்டுத் தட்டுனா ஆஃப்... ஆங், வந்திருச்சு. பாருங்க, சித்தி எவ்வளவு தெளிவாத் தெரியுது! மூக்குத்தி மின்னறது கூடத் தெரியுது. ஓரத்துல பாருங்க, அந்த ஸ்டூல்ல முழங்கால ஒட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, அவருதான் குழந்தைவேலு. எப்படி ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்காரு பாருங்க.

ஓ, அந்த வாடாமல்லிச் சேலையா? நல்லாத்தாங்க்கா இருக்குது. சித்திகிட்டச் சொல்லி எடுத்து வெக்கச் சொல்றேன். இருங்க, மொதல்ல திருடன். இந்தா, ஆன் பண்ணிட்டேன்.

...

பாத்தீங்களா! பாத்தீங்களா! நின்னுருச்சு! கரெக்டா நான் ஆன் பண்ற நேரம் பாத்து ஆரம்பிக்கறாரு பாருங்க! ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டே! கை ரெண்டும் மடியில இருக்குது, இருந்தும் எப்படித்தான் பண்றாரோ! இப்பக் கவரெல்லாம் குடோன்ல வந்து குமியும், ருசு சேந்துருச்சு, போதும். ஆஃப் பண்றேன். இருங்க, லைன் நெம்ப மெதுவா இருக்குது, நான் சொல்றதே போய்ச் சேர மாட்டேங்குது... ம்... போயிருச்சு.

ஓடுதா? ஓடுதா! நல்லாத்தான் ஓடுது. நான் பாக்கலைன்னதும் நிறுத்திட்டாரு. எவ்வளவு கெட்டிக்காரத் திருடன் பாருங்க! நான் பாத்தாத் திருடறாரு, பாக்காட்டித் திருட மாட்டேங்கறாரு...

...

என்னங்க்கா அப்படிப் பாக்கறீங்க?

இல்ல, நான் சொன்னதுதான். நான் பாத்தாத் திருடறாரு, பாக்காட்டி... இருங்க. உலகத்துல எந்தத் திருடன் அப்படிப் பண்ணுவான்? ஆளு பாக்காதப்பத்தானே... இருங்க இருங்க. இன்னொரு தடவ பாத்துரலாம். ஒரு தடவ நடந்தது தற்செயலு. வாதத்துக்கு அது செல்லாது. ஆன் பண்றேன்.

நின்னுருச்சு.

ஆஃப்.

...ஓடுது.

ஆன். ...சித்தி வாயத் தொறந்தபடி நிக்குது. ஆஃப். ...ஓடுது.

அக்கா, நீங்க ஒண்ணும் பேசாதீங்க. பேசலைன்னு தெரியும், இருந்தாலும் பேசாதீங்க. நான் யோசிக்கோணும்.

ஜெராக்ஸக் கவர்ல போட்டு அனுப்பறேன். அந்தக் கவரு கடைய உட்டு எந்த வழியா வெளிய வருது? கடையில இருந்து வெளிய வாரதுக்கு ஒரே வயருதான். அது எந்த ஓட்டை? இருபத்திநாலு. இருபத்திநாலையும் பாக்கச் சொல்லி... நாந்தானே சொல்லியிருக்கேன்? அப்ப வெளிய போற கவரப் பாத்ததும் டப்பா என்ன பண்ணும்? அதுக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுக்கும். அதக் கவர்ல போடும். அந்தக் கவரும் இருபத்திநாலு வழியாப் போகும். அதுக்கும் ஒரு ஜெராக்ஸு. அதுக்கு ஒரு கவரு. அந்தக் கவருக்கு... அய்யோ, அதனாலதான் கவருக்குள்ள கவரு! பெறுநர் திருச்செங்கோடு, குழந்தைவேலு கம்பெனி... அந்த அட்ரஸ் எழுதுனதே நாந்தானே, வெறும் நம்பரா இருந்ததுல மறந்துட்டேன்! குடோன் லைனே அவரு குடுத்ததுதானே! அவரு பேர்ல இல்லாம எம் பேர்லயா பதிவாகியிருக்கும்!

கடத்தலும் இல்ல, மச்சானும் இல்ல. இத்தன நாளா நெட்டத் திங்கறது யாருன்னு கண்ணுல எண்ணெய் ஊத்திக்கிட்டுத் தேடுனேன். கண்டுபுடிச்சுட்டேன் அக்கா.

நாந்தான்.

பந்திக்கு வந்தவங்க கணக்கோட பரிமாறறவங்களையும் சேத்து எண்ணிப்போட்டனே! இருபத்திமூணு வயருந்தான் ஒறம்பரை. இருபத்திநாலாவது வெளிய போற பாதை. பாதையில கூடவா பாரபட்சம் பாக்காம இருப்பாங்க? அந்தப் பெரியம்மா மட்டும் அன்னிக்குப் படியில நிக்காம இருந்திருந்தா... இல்லீங்க, அவங்க நின்னது அவங்க உரிமை. தீர்ப்பு சொன்னது நானு.

ஆனா ஒண்ணு பாருங்க்கா. இத ஆஃப் பண்ணுனா லைவ் நிக்காது. ஆஃப் பண்ணத் தெரிஞ்சது எனக்குத்தான். அப்பச் சரி பண்ணுனது நாந்தானே? சித்தி கேட்டது என்ன? லைவ் ஓடோணும். ஓடுது. ஏன் நின்னுச்சுன்னு அது கேக்கவேயில்லியே. நான் பாட்டுக்கு வாய மூடிக்கிட்டு, "சித்தி, சரி பண்ணிட்டேன்"னு சொன்னா அதுல ஒரு வார்த்தையாவது பொய்யா? எதிரணி இதுக்கு என்ன பதில் சொல்லும்? நானே எதிரணியா நின்னாக்கூட...

அய்யய்யோ! உங்க போனப் பாருங்க! குழந்தைவேலண்ணன் எந்திரிச்சுட்டாரு! ஸ்டூல உட்டு எந்திரிச்சு ஸ்க்ரூ டிரைவரோட அவரு லைன் டப்பாகிட்டப் போறாரு! சித்தி கையக் காட்டுது, "கழட்டுங்க"ங்குது! அக்கா, அவரு கண்ணத் தொடைக்கறாரா? இல்ல வேர்வையா? நான் இப்ப ஆன் ஆஃப் பண்ணி வெளையாடுனேனே, அந்த ஒவ்வொரு தடவைக்கும் அங்க நின்னிருக்குதே!

அலோ! அலோ, கதிரு! டேய், குழந்தைவேலண்ணனக் கைய எடுக்கச் சொல்றா! டப்பாவத் தொட உடாத! அவரு ஒண்ணும் பண்ணலைடா. நாந்தான். நான் போட்ட மிரருதான். ஆமா, நான் ஆன் பண்றப்பெல்லாம் நின்னுச்சு. இருபத்திநாலாவது ஓட்டையையும் சேத்துப் போட்டுட்டேன், என்ற தப்புதான், அவரு நல்லவரு, எலியும் நல்லது... டேய், என்னடா எங்குரல் எனக்கே திருப்பிக் கேக்குது?

அக்கா... உங்க போன்ல இருந்தா கேக்குது?

லவுடு ஸ்பீக்கர்லயா போட்டிருக்கறே? லைவ் ஓடறப்பவா? கதிரு, படுபாவி! அத்தன பேரும் கேட்டுட்டாங்களா! அக்கா, கமெண்ட்டக் காட்டாதீங்க. எலுமிச்சம்பழம் வருதா? வேண்டாம், காட்டாதீங்க.

அவரு உக்காந்துட்டாரா? குழந்தைவேலண்ணன்? ஸ்க்ரூ டிரைவரச் சட்டைப்பையில வெச்சுட்டாரா? செரி. அது போதும். படம் நின்னுருச்சா? நிக்கலியா? ஓடிட்டுதான் இருக்குதா, சித்திதான் நிக்குதா... அப்ப போச்சு. பெங்களூரு போச்சுங்க்கா. நானே வாயாலச் சொல்லிக் கெடுத்துக்கிட்டேன். எங்கப்பா இனி ஊட்டு வாசலத் தாண்ட உட மாட்டாரு.

இருங்க, சித்தி பேசுது. சத்தமா வைங்க. என்ன சொல்லுது? "என் சாமிகளா, கேட்டீங்களா, திருடன் எங்க ஊட்டுலயே இருந்திருக்குது"ங்குதா... ம்... "இவ இங்க இருந்தா இன்னிக்கு என்ற லைவு, நாளைக்கு எங்க அக்கா புருசன் ரிக்கு வண்டி, அப்பறம் மலைமேல இருக்கற கோயில் மைக்கு, ஒண்ணையும் உட்டு வெக்க மாட்டா. இன்னிக்கே எங்க மாமாகிட்டப் பேசறேன். இவள பெங்களூருக்கு அனுப்பியே ஆகோணும்"...

அனுப்பறாங்களா? அக்கா, என்ன அனுப்பறாங்களா!

இல்ல, இருங்க. இது என்ன நியாயம்? திறமைக்காகத்தானே அனுப்போணும்? ஊரு பொழைக்கட்டும்னா அனுப்பறது? கொசுவ ஊட்ட உட்டுத் தொரத்தற மாதிரி! நான் இத ஒத்துக்க மாட்டேன். போவேன், போகாம இருக்க மாட்டேன், ஆனா ஒத்துக்க மாட்டேன். எளம்பிள்ளையில எறங்குனதும் சித்திகிட்ட மொதல்ல இதத்தான் கேக்கப் போறேன். ரெண்டு ஊருக்கு நடுவுல ரூட்டரத் தாண்டி மிரர் போட இந்த ஜில்லாவுல எத்தன பேருக்குத் தெரியும்? ஒரே ஒரு ஓட்டைதானே தப்பு? மத்த இருபத்திமூணும் சரிதானே? இருபத்திநாலுக்கு இருபத்திமூணு எடுத்தா அது முதல் வகுப்புக்கும் மேல! நீங்களே சொல்லுங்க... என்னங்க்கா, நான் பேசறேன், நீங்க போன்ல என்னமோ தட்டிட்டே இருக்கறீங்க?

உஸ், சித்தி கமெண்ட்டுப் படிக்குது, கேளுங்க. "ஒரு அக்கா எழுதியிருக்காங்க பாருங்க..." என்னவாம்? "அந்தப் புள்ளைக்குப் பக்கத்துச் சீட்டுலதான் திருச்செங்கோட்டுல இருந்து உக்காந்திட்டு வாரேன். யோசிக்காம சீக்கிரம் அனுப்பி வெச்சுருங்க. வாடாமல்லி எனக்கு ஒண்ணு"...

ஏனுங்க்கா, வாயே தொறக்காம நீங்க இவ்வளவு பேசுவீங்களா?